நிழல் விழும் மூலை

மொட்டைமாடியில் சோலார் பேனல் வைக்கச் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான் இசக்கிராஜ். எட்டாவது கட்டத்தை, தனிக்கட்டையான வீட்டுக்காரர் வேதமுத்து காலாலேயே அழித்தார்.

"இந்த மூல வேண்டாம் தம்பி. நிழல் விழும்."

மரமில்லை, தண்ணீர்த் தொட்டியில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"எதோட நிழல் சார்?"

"சாயங்காலம் விழும்ங்கேன்லா!"

மறுநாள் எதிர்வீட்டு மாடியில், கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட அமலி டீச்சருக்குக் கட்டம் போட்டான். கைப்பிடிச் சுவரோரக் கட்டத்தின்மேல் டீச்சர் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார்.

"அந்த எடத்த மட்டும் விட்டுருப்பா. நிழல் விழும்."

இசக்கிராஜ் நிமிர்ந்தான். குறுகலான சந்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, வேதமுத்து அழித்த கட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேப்பரில் 'நிழல்' என்று எழுதினான்.

"சாயங்காலந்தான டீச்சர்?"

"அஞ்சரைக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, காலிச் செம்பை மறுபடியும் கவிழ்த்தார் டீச்சர்.