படையலுக்கு முதுகு காட்டியவள்

ஒரு ஊரில் ராஜா இருந்தாரோ இல்லையோ, தாவ்யுவான் நகரத்தில் காவ் என்று ஒரு முதலாளி இருந்தார். அவர் பட்டறையில் ஒரு வெல்டிங் மெஷின். அது அடிக்கடி மக்கர் பண்ணியது.

அது அந்த ஊர்ப் பஞ்சாங்கப்படி ஏழாம் மாதம். ஆவிகள் வெளியே உலாத்தும் மாதம். ஆவி என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது; ‘நல்ல அண்ணன்மார்’ என்றுதான் சொல்ல வேண்டும். மெஷின் முன்னால் அண்ணன்மாருக்கு அன்னாசி, நூடுல்ஸ், ஊதுபத்தி எல்லாம் வைத்தாயிற்று.

முதலாளி கையில் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம். அதன் பெயருக்கே ‘சமர்த்தா இரு’ என்று அர்த்தம். மெஷின் வயிற்றுக்குள் வைத்தால் மெஷின் சொன்ன பேச்சு கேட்குமாம்.

“உள்ளே கை விடாதீங்க முதலாளி,” என்றாள் இன்ஜினியர் ஹுய்சிங். “கெப்பாசிட்டர்ல இன்னும் கரண்ட் தேங்கி நிக்குது. அதை வடிக்கிற ரெசிஸ்டர் எரிஞ்சுபோச்சு. புதுசு கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்குது.”

“சுவிட்சை நானே அணைச்சேன்மா. நல்ல நேரம் போகுது. எல்லாரும் ஊதுபத்தி எடுங்க!”

எல்லோரும் எடுத்தார்கள். ஹுய்சிங் மட்டும் கையுறை மாட்டி, நீளமான கட்டை ஒன்றை மெஷினுக்குள் நீட்டிக்கொண்டு, படையலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“திமிரைப் பாரு!” என்றார் மேஸ்திரி ஆசுய். “அண்ணன்மார் இன்னைக்குச் சாப்பாட்டுக்கு இவ வீட்டுக்குத்தான் போவாங்க.”

“போகட்டும், கூட்டமா போகட்டும்,” என்று இன்னொருவர் சிரித்தார்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. “கும்பிடாதவ நாளையிலேர்ந்து வர வேண்டாம்!”

அவள் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

முதலாளி கண்ணை மூடி, உருகி உருகிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்து வந்தபோதுதான் அவள் கட்டையை வெளியே இழுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, கையை முழங்கைவரை உள்ளே விட்டுப் பொட்டலத்தை வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தீங்களா மகிமையை!” என்றார் முதலாளி.

ஒரே கைதட்டல்.

“எங்கேம்மா உன் கரண்ட்? அண்ணன்மாரைப் பாத்து ஓடிப்போச்சா? என்ன அது, கட்டையில கட்டி வச்சிருக்கே?”

“தொடாதீங்க, அது…”

அதற்குள் வெடுக்கென்று பிடித்தவர், “ஐயையோ!” என்று கையை உதறினார். “என்ன இப்படிக் கொதிக்குது! அடுப்புல வச்சியா?”

“அது ரெசிஸ்டர். நான் கைக்காசுல வாங்கினது,” என்றாள் ஹுய்சிங். “உங்க கையில பாய இருந்ததுதான் முதலாளி, அதுல பாஞ்சு சூடா நிக்குது.”

கையுறையைக் கழற்றி அன்னாசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.