முயலின் புது விலாசம்

குளத்தில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று காட்டில் உத்தரவு போட்டார்கள். முயலும் ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. அட்டைக்குள் இருந்த சிப், “யார்?” என்று கேட்டால் போதும், பெயரையும் வளை இருக்கும் இடத்தையும் சொல்லிவிடும்.

ஒரு நாள் முயல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. புதருக்குப் பின்னாலிருந்து, “யார்?” என்று ஒரு குரல் கேட்டது. சிப் எல்லாவற்றையும் ஒப்பித்தது. புதரை விட்டு நரி நழுவுவதை முயல் பார்த்துவிட்டது.

“அடப்பாவி, நரிகிட்டயா என் வீட்டைச் சொன்னே?”

“யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டாங்க, சொன்னேன்” என்றது சிப்.

முயல் குறுக்கு வழியில் ஓடிக் குட்டிகளை வேறு வளைக்கு மாற்றியது. பிறகு மூச்சிரைக்க, அட்டை கொடுத்த குரங்கிடம் போய் நடந்ததைச் சொன்னது.

“இந்த சிப்பை எடுத்துடுங்க சார்.”

“அதெல்லாம் முடியாதும்மா. தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?”

“நான் தப்பு செய்யலை சார். ருசியா இருக்கேன். அதான் பயம்.”

குரங்கு காதில் வாங்கவே இல்லை. “வீடு மாறிட்டீங்கல்ல? புது விலாசம் சொல்லுங்க, சிப்பில ஏத்தணும்.”

முயல் தலையில் அடித்துக்கொண்டது. பிறகு நிதானமாக, நரியின் குகை இருக்கும் இடத்தைச் சொன்னது.

மறுநாள் நரி மறுபடியும் புதருக்குப் பின்னாலிருந்து கேட்டது. சிப் பிசகாமல் ஒப்பித்தது.

“என் வீட்டுக்கே குடிவந்துடுச்சா!” என்று எச்சில் ஊற வீட்டைப் பார்த்து ஓடியது நரி.