கண்ணைக் கரிக்காத வெங்காயம்

வாசமாய்ப் பூக்கும் நார்சிசஸ் கிழங்குகளுக்கு, தொட்டியில் நடும் முன் குளிர் காட்ட வேண்டும். எஸ்தர் அவற்றை ஃபிரிட்ஜின் காய்கறி ட்ரேயில் போட்டிருந்தாள். விஷம் என்று வீட்டில் சொல்லவில்லை, யார் தின்னப்போகிறார்கள்?

மதியம் வேலையிலிருந்து வந்தவளுக்குக் கணவன் ஜெபராஜ் ஆசையாகப் புளிக்குழம்பு ஊற்றினான். முதல் வாய்ச் சோற்றைப் பிசைந்தாள்.

"ஃபிரிட்ஜுல கிடந்த வெங்காயத்தப் போட்டேன். உரிக்கையில கண்ணக் கரிக்கவே இல்ல, அதிசயமா இருக்கு!"

பிசைந்த கை நின்றது. ஓடிப்போய் ட்ரேயை இழுத்தாள். நார்சிசஸ் கிழங்குகளின் சருகுத்தோல் மட்டும் கிடந்தது.

"பாப்பா எங்க?"

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டா. எழுப்பினேன், அசைய மாட்டேங்கிறா."

சிரித்துக்கொண்டே சொன்னவன், வயிற்றைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.