பின் சீட்டிலிருந்து எடுத்த படங்கள்

மூன்றாவது படத்தில்தான் ஞானையா அந்தக் கழுத்தைக் கண்டுகொண்டார்.

தொண்ணூறாம் வருஷம். கிழக்குத் தாம்பரத்துத் தேவாலயக் கூடத்தில், ஞாயிறு மாலை ஆராதனை முடிந்த நேரம். ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்தார்கள். சுவரில் விரித்துக் கட்டிய வெள்ளை வேட்டியில், ஸ்லைடு புரொஜக்டரின் வெளிச்சத்தில், ஆப்பிரிக்கா ஒவ்வொரு படமாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

படம் காட்டியவர் மெட்டில்டா, கல்லூரியில் விலங்கியல் எடுப்பவர். போட்ஸ்வானாவில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டுக்கு லீவில் போனவர், ஆறு பேர் மட்டுமே உட்காரக்கூடிய குட்டி விமானத்தில் பாலைவனமும் காடுமாகப் பத்து நாள் சுற்றிவிட்டு வந்திருந்தார். ஓட்டியவர் நம்ம தாம்பரத்துப் பிள்ளைதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பெயரைச் சொல்லவில்லை. கூடமே ஒரு கணம் ஞானையாவின் பக்கம் திரும்பிவிட்டு, நாகரிகமாக மறுபடி வேட்டியைப் பார்த்தது.

ஞானையாவின் ஒரே மகன் அசரியாதான் அந்தப் பிள்ளை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு கடிதம் போட்டான். ஞானையா வேதாகமத்தின் மேல் கை வைத்து, இனிச் சாகும்வரை அவன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்தார்.

கோபம் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஆறிவிட்டது. சத்தியம் அப்படியே நின்றது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, விதிப்புத்தகம் சொன்னால் மட்டுமே பச்சைக்கொடி காட்டிய மனிதர். போதகர் வீடு தேடி வந்து எடுத்துச் சொன்னபோது, ஆண்டவர் முன்னால் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்க எங்கே இடமிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டு அவரையே திணறடித்தார்.

ஆனால் விதி என்றால் விதி. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றாரே தவிர, கடிதத்தைக் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. மனைவி ரத்தினபாய் வாசிக்க வாசிக்க எல்லாக் கடிதத்தையும் கேட்டார். சத்தியத்தைப் பற்றி அவனுக்கு எழுதியவளும் அவள்தான். பேத்தி பிறந்ததும் அப்படித்தான் தெரியும். உறையிலிருந்து போட்டோ எட்டிப்பார்த்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். எதில் யார் முகம் இருக்கும் என்று யார் கண்டது.

இன்றைக்கும் யானை பார்க்கத்தான் வந்தேன் என்று, பக்கத்து நாற்காலி அப்பாதுரையிடம் கேட்காமலே சொல்லிவைத்தார்.

யானை இருந்தது. உயரத்திலிருந்து எடுத்ததால் தரையில் கொட்டிய புளியங்கொட்டை மாதிரி இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு பூத்த வெள்ளைத் தரை வந்தது. ஆற்றைக் கலக்கிக்கொண்டு ஓடும் காட்டெருமைக் கூட்டம் வந்தது.

ஞானையா படங்களின் இடது ஓரத்தை மட்டும் பார்த்தார்.

ஒவ்வொன்றிலும் அங்கே விமானியின் பின்கழுத்து விழுந்திருந்தது. கழுத்தில் ஒரு தழும்பு. ஏழு வயதில் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் உருண்டு விழுந்து போட்ட மூன்று தையல். அன்று தூக்கிக்கொண்டு ஓடியவர் இவர்தான்.

உச்சியில் முடி கொட்டியிருந்தது. முப்பத்தேழு வயதுக்கு இது அதிகம். கழுத்தோரத்தில் கோணலாக வெட்டியிருந்தார்கள். அந்த ஊரில் சரியான சலூன் கிடையாது போலிருக்கிறது. முகம் இல்லை, அதனால் சத்தியத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. ஆசை தீரப் பார்க்கலாம்.

இறங்குவதற்கு முன் ஒரு தடவை தாழப் பறந்து, ஓடுபாதையில் மேய்கிற வரிக்குதிரைகளை விரட்டியாக வேண்டுமாம். அந்தப் படத்தில் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கூடம் சிரித்தது. ஞானையா நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்த்துடா என்று வாய்க்குள் சொன்னார்.

அப்பாதுரைக்குப் பொறுக்கவில்லை. எல்லாப் படத்தையும் இந்தத் தலை மறைக்கிறதே, முன் சீட்டில் உட்கார்ந்து எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார்.

மெட்டில்டா கொஞ்சம் தயங்கினார்.

“நானும் கேட்டேன் அங்கிள். அவர்தான், எங்கப்பா பார்க்கிற மாதிரி எடுங்க மேடம்னு சொல்லி, தினமும் என்னைத் தனக்குப் பின்னாடி சீட்லதான் உக்கார வெச்சார்.”

ஞானையா குனிந்துகொண்டார். பத்து நாளும் பையன் அவருடைய சத்தியத்தை அவருக்காகக் காப்பாற்றிக்கொண்டு பறந்திருக்கிறான்.

இன்னும் ஒரே ஒரு படம், தரையில் நின்று எடுத்தது, இதைக் கடைசியில் கட்டாயம் போடச் சொன்னார் என்றார் மெட்டில்டா.

ஞானையா எழுந்துவிட்டார். தரையில் நிற்கிறவன் கேமராவைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்? கால் வரமாட்டேன் என்றது. ஆனாலும் கதவுவரை போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

அதற்குள் படம் வேட்டியில் விழுந்திருந்தது. தேவாலயத்தில் இதுநாள்வரை குரல் உயர்த்தியிராத ரத்தினபாய் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

“என்னங்க, திரும்புங்க. அவன் முகம் இல்லைங்க.”

அவர் திரும்பினார்.

சிவந்த மணல்மேடு. தூரத்தில் விமானம். அதை நோக்கி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறான் அசரியா. அவன் தோளில் ஒரு குழந்தை, ஐந்து வயதிருக்கும், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கறுத்த, உருண்டை முகம். நெற்றியும் அடர்ந்த புருவமும் அச்சாக ஞானையாவுடையவை.

ஞானையா கதவை விட்டார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வேட்டிக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றார்.

அந்த முகத்தைப் பற்றி அவர் எந்தச் சத்தியமும் செய்திருக்கவில்லை.