லீலா வீட்டைவிட உயரம்

“புகைக்குழாய் அவ மொட்டைமாடியத் தாண்டி நிக்கணும். அவ்ளோதான் தம்பி.”

சந்திரம்மாள் கையிலிருந்த கரண்டியால் பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காற்றுக்குழாய் பொருத்தும் டக்ட் ஃபிட்டர் அவன். இரண்டு மணிக்கு செகண்ட் ஷிப்ட் பஸ். அதை விட்டால் சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க முடியாது.

“அக்கா, கூரைக்கு மேல மூணடி போதும். நீங்க கேக்குறது பன்னண்டு அடி. காத்துல ஆடும். மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டணும்.”

“கட்டு. இன்னிக்கே முடிச்சிடு.”

மண்ணூரில் எல்லோருக்கும் தெரிந்த சண்டைதான். சந்திரம்மாள் கொல்லைக் கொட்டகையில் விறகடுப்பு வைத்து, கம்பெனிப் பையன்கள் நாற்பது பேருக்குச் சமைக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு லீலாவின் மாடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கி ஒன்று பறந்து வந்து சாம்பார் அண்டாவில் விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதை இருவரும் காற்றிடம் சொல்லிக்கொள்வார்கள்.

டில்லிபாபு சாரம் கட்டி ஏறினான். கூரைச் சட்டத்தின் மரத்தில் சூடு படாதபடி ஒரு ஜாண் தள்ளித் துளை போட்டான். குழாயை ஒவ்வொரு துண்டாக ஏற்றினான்.

மாடி உயரத்துக்கு வந்ததும் லீலாவின் தலை தெரிந்தது.

“இன்னா டில்லி, செல்போன் டவரா?”

கீழேயிருந்து பதில் வந்தது. “ஆமான்னு சொல்லு தம்பி. சிக்னல் வேணும்னா மனு போடச் சொல்லு.”

“நாங்க மாடி கட்டுனது சில பேருக்குக் கண்ணை உறுத்துது. அதான் தகரத்துல மாடி கட்றாங்க.”

“தகர மாடியிலேர்ந்து லுங்கி பறக்காதுன்னு சொல்லு!”

“எம்மா, ரெண்டு பேரும் நேரா பேசிக்கோங்கம்மா. நான் அந்தரத்துல நிக்கிறேன்” என்றான் டில்லிபாபு.

லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மணி ஒன்றே கால்.

“இதுவே ஜாஸ்திக்கா. மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“நாளைக்கு ஆவாது. இன்னும் ஒரு துண்டு ஏத்து.”

“மனுஷனுக்கு இவ்ளோ வீம்பு கூடாதுக்கா.”

சந்திரம்மாள் கடைசித் துண்டை எடுத்து நீட்டினாள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான். கம்பிகளை முறுக்கினான். உச்சியில் மழைமூடியை மாட்டினான்.

சந்திரம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

“இறங்காத தம்பி. அவ மாடி ரூம் ஜன்னலுக்குள்ள புகை போவுதா, நல்லா பாத்து சொல்லு.”

புகை லீலா வீட்டு மொட்டைமாடிக்கும் மேலே எழும்பி ஏரிப்பக்கம் போனது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்த டில்லிபாபு அப்படியே நின்றான். நடு அறையில், பழைய பருத்திப் புடவையில் ஒரு தொட்டில். காலியாக.

மெதுவாக இறங்கி வந்தான்.

“உள்ள துளிகூட போவலக்கா. ஆனா... அங்க தொட்டில் கட்டிகீது.”

“தெரியும். அவ பொண்ணு பூஜா நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து பிள்ளையோட வருது. லீலா போன்ல பேசினா ஒரகடம் வரைக்கும் கேக்குமே! பச்சப் பிள்ளைக்குப் புகை ஆவுமா?”

டில்லிபாபு கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டான்.

“நான் வீம்புன்னு நெனச்சிட்டேன்க்கா. இருங்க, லீலாக்காவக் கூப்ட்டு சொல்லிட்டுப் போறேன்.”

சந்திரம்மாள் பதறிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வாய மூடுடா! தெரிஞ்சா அவ ஓடி வந்து பேசிடுவா. அப்பறம் நான் யார்கூட சண்ட போடறது?”