வால் இல்லாத மருந்து

"தாடி அண்ணன் உன்னை நல்லா ஏமாத்திட்டாரு" என்றான் கணவன். மைக்ராஸ்கோப் அறையின் இருட்டில் முகம் தெரியவில்லை. குரலில் பரிவு இருந்தது.

அவளுக்கும் அதே சந்தேகம்தான். செல்லுக்குள் டிஎன்ஏ அறுந்தால் ஒட்டுப்போட ஓடிவரும் நொதி ஒன்று உண்டு. கெமிஸ்ட்ரி பிரிவின் தாடி அண்ணன் செய்து தந்த மருந்து அதன் கையைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டு விழாமல் புற்றுச்செல் சாகும்.

மருந்துக்கு ஒரு வாலும் வைத்திருப்பதாகச் சொன்னார். நீல விளக்கில் பச்சையாக ஒளிரும் சாயம். மருந்து எங்கே போய்ப் பிடித்தது என்பதை அந்த ஒளி காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு தடவையும் செல்கள் செத்தன, ஒளிரத்தான் இல்லை. அப்படியென்றால் மருந்து இருக்கிறது, வால் இல்லை.

இன்று மாலைக்குள் பச்சைப் படம் அனுப்பினால் வெளியூர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. இல்லையென்றால் வேறொருவருக்கு.

காலையில் தாடி அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வால் இருக்கும்மா. வெயில்ல காயப்போட்ட துணி மாதிரி, ரொம்ப நேரம் வெளிச்சத்துல இருந்தா வெளுத்து, அப்புறம் ஒளிராது. பாத்துக்கோ" என்றார்.

பார்க்காமலா? குப்பிக்கு அலுமினியத் தாள் சுற்றி, செல்கள் இருந்த தட்டைக் கருப்புத் துணிக்குள் பொத்தித்தான் கொண்டுவந்தாள். மைக்ராஸ்கோப்பை இயக்குவது கணவன் வேலை. அவள் கண் வலிக்கக் கூடாதென்று அவனே தட்டை வாங்கிப்போய் ஃபோகஸ் செய்துவிட்டுத்தான் கூப்பிடுவான். இன்று வெகுநேரம் மெனக்கெட்டான். அவள் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"விடும்மா. இந்த ஊர்லயே வேற வேலை கிடைக்காமலா போயிடும்?" தோளில் கை வைத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஓரத்திலாவது ஒரு செல் ஒளிராதா என்ற நப்பாசையில் திருகைத் திருப்பித் தட்டை லேசாக நகர்த்தினாள்.

பச்சை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, அகலமாகக் காட்டும் லென்ஸுக்கு மாற்றினாள். பார்த்த இடமெல்லாம் பச்சை மின்னியது. நடுவில் மட்டும் காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு கருப்பு வட்டம். நீல விளக்கின் கற்றை விழும் அதே அளவு.

அவள் நிமிரவில்லை. தோளில் இருந்த கை தட்டிக்கொடுத்தது.

"என்னம்மா, ஒண்ணும் ஒளிரலைல்ல?"

"ஒளிருதுங்க. நீங்க ஃபோகஸ் பண்ணி வச்ச இடத்துல மட்டும்தான் இல்ல."