நெற்றிப்பட்டை

ஞாயிறுதோறும் நப்பின்னை ஏலகிரி மலையிலிருந்து கிளைடரில் பறப்பாள். அவள் புருஷன் தணிகைவேல், அவள் இறங்கும் கொல்லையைத் தேடிக் கீழே காரோட்டிக்கொண்டு போவான். பறக்கிறவர்கள் அணியும் நெற்றிப்பட்டையை இன்னொருவர் கட்டிக்கொண்டால், மேலே கண்டதும் உணர்ந்ததும் அப்படியே அவருக்கும் வரும். அதனால் இறங்கியதும் பட்டையில் பதிந்ததை அழித்துவிடுவது பறக்கும் கிளப்பின் வழக்கம்.

அன்று அவள் அழிக்காமல் மேசைமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். தணிகைவேல் சட்டென்று எடுத்துக் கட்டிக்கொண்டான். மூன்று மாத வயிற்றெரிச்சல். மேலே எவனோ இருக்கிறான். இல்லாவிட்டால் வாரம் முழுக்க இவள் முகம் இப்படி மினுங்குமா?

எவனும் இல்லை. வெயில், காற்று, கூடவே வட்டமிட்ட ஒரு பருந்து, அவ்வளவுதான். அதற்கே அவள் நெஞ்சு துள்ளிய துள்ளல்! கல்யாணத்தன்றுகூட அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரே இடத்தில்தான் அந்த மனசு கனத்துப்போனது. கீழே சோளக்கொல்லை ஓரம் ஒருவன் கையாட்டிக்கொண்டு நின்றான். அது தணிகைவேல்.

"என்னங்க, பட்டைய அழிச்சேனா நானு?" குளியலறையிலிருந்து குரல் கேட்டது.

"அழிச்சிட்டம்மா."

சொல்லிவிட்டு மறுபடியும் பட்டையைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டான். இந்தத் தடவை சோளக்கொல்லை தெரிவதற்கு முன்பே கழற்றிவிட்டான்.